நம் விதை என்றால் யாருடைய விதை?

கோயமுத்தூரில் ஒரு கூட்டம். விதைகளுக்குக் கம்பெனிகள் காப்புரிமை வாங்குவதைக் கண்டித்து நடந்த கூட்டம். மேடைக்குப் பின்னால் பெரிய துணியில் 'நம் விதை, நம் உரிமை' என்று எழுதிக் கட்டியிருந்தார்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"அதுல என்ன அம்மிணி எழுதியிருக்குது?"

படித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் துணியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "நம்முதுன்னா, யாருது?"

மேடையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் தோட்டங்காடு உள்ளவர்கள். நல்ல மனிதர்கள். அவர்கள் சொன்னதில் முக்கால்வாசி எனக்கும் சம்மதம்தான். ஆனாலும் அம்மா கேட்ட கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. 'நமது எல்லாருதுந்தான்' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மா நம்பமாட்டாள். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

காளிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில், கொடுமுடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊர் என்று சொல்வது பழக்கதோஷம், எங்களுடையது வளவு. அம்மா நாற்பது வருசமாக மஞ்சள் தோட்டத்து வேலைக்குப் போனவள். மாசியில் மஞ்சள் வெட்டி முடிந்ததும் விதை மஞ்சள் பொறுக்குவது அவள் வேலை. குண்டு தனி, விரலி தனி. எது முளைக்கும், எது உள்ளே அழுகியிருக்கிறது, எதில் பூச்சி இறங்கியிருக்கிறது என்பதை முகர்ந்தும் விரலால் அமுக்கியும் சொல்லிவிடுவாள். பொறுக்கினதை நிழலில் குவித்து மஞ்சத்தோகையைப் போட்டு மூடி, வைகாசியில் எடுத்து மறுபடி கழிக்க வேண்டும். பண்ணாடிக்குச் சந்தேகம் வந்தால், "அவளக் கூப்புட்டுக் காட்டு" என்பார். அந்த ஒரு விசயத்தில் மட்டும் அவள் சொல்லுக்கு மதிப்பு. மற்றபடி தண்ணீர் கேட்டால் கையைக் குவித்துக் குடிக்க வேண்டியதுதான்.

இந்தக் கட்டுரையை அம்மாவின் கேள்வியிலிருந்தே எழுதுகிறேன். ஒரு விதை ஒருவருக்குச் சொந்தம் என்று எதை வைத்துச் சொல்வது? கண்டுபிடித்ததை வைத்தா, எழுதி வைத்ததை வைத்தா, நிலம் வைத்திருப்பதை வைத்தா, உழைத்ததை வைத்தா? கம்பெனிக்காரனை எதிர்க்கிறபோது நாம் எந்த நியாயத்தைச் சொல்லி எதிர்க்கிறோம்? அதே நியாயத்தை நம்மீதும் வைத்துப் பார்க்கத் தயாராக இருக்கிறோமா?

1

மஞ்சளிலிருந்தே தொடங்குவோம். 1995 மார்ச்சில் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. புண்ணை ஆற்றுவதற்கு மஞ்சள்தூளைப் பயன்படுத்துவது அவர்களுடைய கண்டுபிடிப்பாம். கண்டுபிடித்ததாக எழுதிக்கொடுத்த இருவரும் இந்தியாவில் பிறந்த விஞ்ஞானிகள். 1996இல் இந்திய அரசின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் இதை எதிர்த்து மனு போட்டது. 1997 ஆகஸ்டில் காப்புரிமை செல்லாது என்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகமே தீர்ப்புச் சொன்னது. நாடெங்கும் கொண்டாடினார்கள். ஈரோட்டுப் பக்கம் கேட்கவே வேண்டாம்.

எப்படி ஜெயித்தார்கள் என்பதுதான் யோசிக்க வேண்டியது. 32 ஆவணங்களைக் காட்டினார்கள். சமஸ்கிருதத்திலும் உருதுவிலும் இந்தியிலும் இருந்த பழைய நூல்கள், 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரை என்று எல்லாமே எழுதப்பட்டவை, அச்சிடப்பட்டவை. ஏனென்றால் அன்றைக்கு இருந்த அமெரிக்கச் சட்டப்படி, வேறு நாட்டில் ஜனங்கள் காலங்காலமாகச் செய்துவருகிறார்கள் என்று சொன்னால் போதாது. அது எங்காவது அச்சில் வந்திருக்க வேண்டும். 2011இல் சட்டத்தைத் திருத்தி, 2013இல் அது நடைமுறைக்கு வந்த பிறகுதான் பிற நாட்டுப் புழக்கமும் சாட்சியாகக் கணக்கில் வந்தது.

ஆக, களைக்கொத்து பட்டுக் காலைக் கிழித்துக்கொண்ட அம்மா, மஞ்சளை உரசிப் பூசிக்கொண்டு அடுத்த சாலுக்குப் போனது சாட்சி ஆகாது. அதையே ஒருவர் சுவடியில் எழுதி வைத்திருந்தால் சாட்சி. எழுதி வைத்தது யார்? எழுத்தை யார் வைத்திருந்தார்கள்? வேதம் காதில் விழுந்தால் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன தேசத்தில், பள்ளிக்கூடத்துத் திண்ணைக்குக் கீழேகூட எங்கள் பிள்ளைகளை உட்கார விடாத தேசத்தில், 'எழுதிக் காட்டு, உன்னுடையது என்று ஒத்துக்கொள்கிறேன்' என்பது யாரைப் பார்த்துச் சொல்கிற வார்த்தை?

அமெரிக்காக்காரன் நம்மைப் பார்த்துச் சொன்னான் என்று நினைக்கிறோம். நம்மூர்க்காரன் எங்களைப் பார்த்து ஆயிரம் வருசமாகச் சொல்லிக்கொண்டிருப்பதும் அதைத்தான்.

மஞ்சள் வழக்கில் கிடைத்த பாடத்தை வைத்து, 2001இல் 'பாரம்பரிய அறிவு மின்னூலகம்' ஒன்றை இந்திய அரசு தொடங்கியது. ஆயுர்வேதம், சித்தம், யுனானி நூல்களில் உள்ள முறைகளை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் பெயர்த்து, வெளிநாட்டுக் காப்புரிமை அலுவலகங்களின் பார்வைக்கு வைத்தார்கள். திருட்டைத் தடுக்க அது உதவியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த நூலகத்துக்குள் நுழைய முதலில் நூலாக இருக்க வேண்டும். எங்கள் வளவில் மாட்டுக்கு வயிறு உப்பினால் என்ன கொடுப்பது என்று தெரிந்த கிழவர்கள் இருந்தார்கள். பிள்ளை பெற்றவளுக்கு எந்தத் தழையை அவித்து ஊற்றுவது என்று தெரிந்த மருத்துவச்சிகள் இருந்தார்கள். அவர்கள் யாரும் நூல் இல்லை. செத்துப்போனார்கள்.

2

கம்பெனியின் நியாயம் என்ன என்பதையும் கேட்டுவிடுவோம். திட்டுவது சுலபம், கேட்டுவிட்டுத் திட்டினால் நிற்கும்.

அவர்கள் சொல்வது இது: 'நாங்கள் பல வருசம் பணம் போட்டு ஆராய்ச்சி செய்கிறோம். மண்ணில் இருக்கும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவை எடுத்துப் பருத்திக்குள் வைத்தோம். காய்ப்புழு தின்றால் சாகிறது. இது முன்பு உலகத்தில் இல்லாதது. செய்தவனுக்குப் பலன் வேண்டாமா? பலன் இல்லையென்றால் நாளைக்கு எவன் ஆராய்ச்சி செய்வான்?'

உழைத்தவனுக்குப் பலன் வேண்டும் என்பதை நான் மறுப்பேனா? என் சாதியே அதைக் கேட்டுத்தானே நிற்கிறது. என் கேள்வி, உழைத்தவன் யார் என்ற கணக்கை எந்த இடத்திலிருந்து தொடங்குகிறீர்கள் என்பதுதான்.

பி.டி. பருத்திக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தது 2002 மார்ச்சில். மான்சான்டோவும் மஹிகோவும் சேர்ந்து கொண்டுவந்த விதை. 450 கிராம் பாக்கெட் 1,600 ரூபாய்க்கும் குறையாமல் விற்றது. அதில் 1,200 ரூபாய்க்கு மேல் அந்த மரபணுவுக்கான கட்டணம். 2006இல் ஆந்திர அரசு வழக்குப் போட்ட பிறகுதான் விலை 750 ரூபாய்க்கு இறங்கியது. ஒரு பாக்கெட் விதையில் முக்கால் பங்கு விலை ஒரு மரபணுவுக்கு. மிச்சம் இருக்கிற பருத்தி? செடி, வேர், பூ, காய், பஞ்சு, வறட்சியைத் தாங்குகிற குணம், இழையின் நீளம், இதெல்லாம் யார் செய்தது? கருங்கண்ணியும் உப்பமும் விளைந்த கரிசலில், நல்ல காயைப் பார்த்துப் பார்த்து விதைக்கென்று எடுத்து வைத்த கைகள் எத்தனை? ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று சொல்வார்களே, அந்தக் கதைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது என் கையே அறிந்தது. பன்னிரண்டு வயதில், முழுப்பரீட்சை லீவு முடிந்தும் பள்ளிக்கூடம் அனுப்பாமல், சேலம் மாவட்டத்தில் சின்னம்மா ஊருக்கு வேலைக்கு அனுப்பினார்கள். வீரிய ஒட்டுப் பருத்தி விதை போடுகிற காடு. 'கிராஸிங் வேலை' என்பார்கள். சாயங்காலம் மறுநாள் விரியப்போகிற மொட்டாகப் பார்த்து, நகத்தால் கிழித்து, உள்ளே இருக்கும் ஆண் பாகத்தை உரித்தெடுக்க வேண்டும். சூலகத்தில் நகம் படக்கூடாது. மறுநாள் காலையில் வெயில் ஏறுவதற்குள், ஆண் செடிப் பூவைப் பறித்து வந்து ஒவ்வொன்றிலும் மகரந்தத்தைத் தடவ வேண்டும். ஒரு பூ விடாமல், இரண்டு மாதத்துக்கு மேல், தினமும். பெரியவர்களைவிடச் சிறு பிள்ளைகளின் விரல்தான் இதற்குத் தோது என்று எங்களைத்தான் கூப்பிடுவார்கள். பொம்பளைப் பிள்ளைகள், பெரும்பாலும் எங்கள் வளவுப் பிள்ளைகள். மருந்தடித்த வயலில் அதே கையோடு சோறு. அது எந்தக் கம்பெனிக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. தலைவலியும் வாந்தியுமாகத் திரும்பி வந்தேன். அந்த வருசம் படிப்புப் போனது.

பி.டி. பருத்தியும் இந்நாட்டில் ஒட்டு விதையாகத்தான் விற்கப்பட்டது. அதாவது ஆய்வுக்கூடத்தில் வைத்த மரபணு, பாக்கெட்டுக்குள் வருவதற்கு முன்னால் இப்படிப்பட்ட விரல்களைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். பூ பூவாக, கையால். அந்த விரல்களுக்கு நாள்கூலி. மரபணுவுக்குக் கட்டணம். இரண்டும் உழைப்பு என்றால் ஒன்றுக்கு மட்டும் ஏன் உரிமை என்று பெயர், மற்றதற்கு ஏன் கூலி என்று பெயர்? மூளை உழைப்பு உயர்வு, கை உழைப்பு தாழ்வு என்பது எங்களுக்குப் புதுச் செய்தி அல்ல. அதற்கு நம்மூரில் வருணம் என்று பெயர். அங்கே அறிவுசார் சொத்துரிமை என்று பெயர்.

இந்தியச் சட்டம் விதைக்கு நேரடியாகக் காப்புரிமை தருவதில்லை. காப்புரிமைச் சட்டத்தின் 3(ஜே) பிரிவு, தாவரங்களும் விதைகளும் ரகங்களும் காப்புரிமைக்கு உரியவை அல்ல என்கிறது. ஆனால் மரபணுவுக்கு என்று வாங்கிவிட்டால், அது விதைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. 2018 ஏப்ரலில் தில்லி உயர் நீதிமன்றம் மான்சான்டோவின் பருத்திக் காப்புரிமை செல்லாது என்றது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ஒதுக்கிவைத்து, முழுமையாக விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. கனடாவில் 2004இலேயே அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், செடிக்குக் காப்புரிமை இல்லாவிட்டாலும் காப்புரிமை பெற்ற மரபணு உள்ள செடியை வளர்த்தால் அது மீறல்தான் என்று ஒரு விவசாயிக்கு எதிராகச் சொல்லிவிட்டது. முன்வாசலில் இல்லை என்று சொல்லிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

3

இப்போது விவசாயியின் நியாயத்துக்கு வருவோம். இங்கேதான் நண்பர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

1995இல் உலக வர்த்தக அமைப்பு வந்தபோது, தாவர ரகங்களுக்கு ஏதாவது ஒரு பாதுகாப்புச் சட்டம் போட்டே ஆக வேண்டும் என்று எல்லா நாடுகளையும் கட்டாயப்படுத்தினார்கள். டங்கல் வரைவைக் கண்டித்து அதற்கு முன்பே போராட்டங்கள் நடந்தன. 1992 டிசம்பரில் பெங்களூரில் கார்கில் விதைக் கம்பெனியின் அலுவலகத்துக்குள் கர்நாடக விவசாயிகள் புகுந்து கோப்புகளைத் தூக்கி வெளியே போட்டார்கள். அந்தப் போராட்டங்களின் அழுத்தத்தில் வந்ததுதான் 2001ஆம் வருசத்துத் தாவர ரகங்கள், விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம். விதையைச் சேமிக்க, மறுபடி விதைக்க, மாற்றிக்கொள்ள, கம்பெனிப் பெயர் ஒட்டாமல் விற்க விவசாயிக்கு உரிமை உண்டு என்று அதன் 39ஆம் பிரிவு சொல்கிறது. உலகத்தில் அபூர்வமான சட்டம். 2019இல் குஜராத்தில் உருளைக்கிழங்கு பயிரிட்ட சிறு விவசாயிகள்மீது பெப்சி கம்பெனி தலைக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டபோது, இந்தப் பிரிவைக் காட்டித்தான் நாடு முழுவதும் எதிர்த்தார்கள். கம்பெனி வழக்கை வாபஸ் வாங்கியது.

நல்லது. அந்தச் சட்டம் விவசாயி என்று யாரைச் சொல்கிறது? இரண்டாம் பிரிவில் விளக்கம் இருக்கிறது. தானே நிலத்தில் பயிர் செய்கிறவர் விவசாயி. மற்றொருவரைக் கொண்டு நிலத்தைப் பயிர் செய்வித்து, அதை நேரடியாக மேற்பார்வை பார்க்கிறவரும் விவசாயி. காட்டு வகைகளையோ பாரம்பரிய ரகங்களையோ காத்து, தெரிந்தெடுத்து, அவற்றின் குணத்தை அறிந்து மேம்படுத்துகிறவரும் விவசாயி.

இரண்டாவதை இன்னொரு முறை படியுங்கள். மற்றொருவரைக் கொண்டு.

யார் அந்த மற்றொருவர்? அவருக்குச் சட்டத்தில் பெயர் இல்லை. வரப்பில் குடை பிடித்து நிற்கிறவர் விவசாயி. சேற்றில் நிற்கிறவர் மற்றொருவர். நாற்பது வருசம் விதை மஞ்சள் பொறுக்கிய என் அம்மா, இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு வரியில் 'மற்றொருவ'ராக இருக்கிறாள்.

மூன்றாவது விளக்கத்தில் ஒரு கதவு இருக்கிறது என்று வக்கீல் நண்பர்கள் சொல்வார்கள். தெரிந்தெடுத்துக் காப்பாற்றியவர் என்று அம்மாவும் கேட்கலாமே என்பார்கள். கேட்கலாம். எதைக் காட்டிக் கேட்பது? பட்டா இல்லை. குத்தகைச் சீட்டு இல்லை. பண்ணாடி வந்து, 'ஆமாங்க, வெதை பொறுக்குனது இவதான்' என்று சாட்சி சொல்வாரா? அதே சட்டத்தின் 41ஆம் பிரிவில், ஒரு ரகம் உருவாகப் பங்களித்த கிராமம் அல்லது உள்ளூர்ச் சமூகம் சார்பாக இழப்பீடு கேட்கலாம் என்றிருக்கிறது. கிராமத்தின் பெயரால் பணம் வந்தால், அது ஊருக்கு வரும். ஊர் என்றால் வளவும் சேர்த்தியா என்பதற்குக் கோயிலும் சுடுகாடும் பதில் சொல்லும்.

மஞ்சளுக்கே வருகிறேன். 2019இல் ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர் மஞ்சளை இனிமேல் ஈரோட்டு மஞ்சள் என்று விற்க முடியாது. சந்தோசம். விண்ணப்பம் போட்டது ஈரோடு மஞ்சள் வணிகர்கள் மற்றும் கிடங்கு உரிமையாளர்கள் சங்கம். விற்கிறவரும் கிடங்கு வைத்திருக்கிறவரும். அவர்கள் விண்ணப்பித்தது குற்றம் என்று நான் சொல்லவில்லை. வேறு யாருக்கும் சங்கமோ வக்கீலோ காகிதமோ இல்லாதபோது அவர்கள்தானே போட முடியும்? ஆனால் வெட்டினவள், கொப்பரையில் வேகவைத்தவள், களத்தில் காயவைத்துக் கிளறினவள் இந்தப் பெயரில் எங்கே இருக்கிறாள்?

4

'தொழில்நுட்பம்' என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்கு என் பாட்டன் ஞாபகம் வருவார். கொங்கு நாடு ஆற்றுப்பாசனம் குறைந்த, கிணற்றை நம்பின பூமி. கரெண்ட் மோட்டார் வருவதற்கு முன்னால் கவலை ஓட்டித்தான் இறைத்தார்கள். மாடு இழுக்கும், சால் மேலே வரும், தோலால் தைத்த பறியின் வாய் திறந்து தண்ணீர் தொட்டியில் கொட்டும். அந்தத் தோலைத் தைத்தவர்கள் மாதாரிகள். செத்த மாட்டுத் தோலை உரித்து, சுண்ணாம்பில் ஊறப்போட்டு, ஆவாரம்பட்டையில் பதப்படுத்தி, தண்ணீரில் வருசக்கணக்காகக் கிடந்தாலும் அழுகாமல், ஒரு சொட்டு ஒழுகாமல் தைக்க வேண்டும். தையல் ஒன்று விட்டால் ஒரு ஏக்கர் காயும். கொங்கு நாட்டுத் தோட்டங்கள் பச்சையாக இருந்தது அந்தத் தையலில்தான்.

அதற்கு என்ன காப்புரிமை? அறுவடைக்குக் களத்தின் ஓரத்தில் நின்று வாங்கிக்கொள்கிற சில வள்ளம் தானியம். அதோடு தோலைத் தொட்டவன் என்ற தீட்டு. தோல் பறி ஊற்றுகிற தண்ணீருக்குத் தீட்டில்லை. அந்தத் தண்ணீரில் விளைந்த சோளத்துக்குத் தீட்டில்லை. தைத்தவனுக்கு மட்டும் தீட்டு. பிறகு மோட்டார் வந்தது. தையலும் போனது, வள்ளமும் போனது. அந்த அறிவை யாரும் எழுதி வைக்கவில்லை. எந்த மின்னூலகத்திலும் அது இல்லை. தீட்டு மட்டும் இருக்கிறது.

ஒருவருடைய அறிவை எடுத்துக்கொண்டு, அவரை அறிவில்லாதவர் என்று சொல்லி, விலையும் கொடுக்காமல் இருப்பதற்கு இன்றைக்கு 'உயிர்வளக் கொள்ளை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல பெயர். அந்தக் கொள்ளை அமெரிக்காவில்தான் தொடங்கியது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

5

இங்கே இரண்டு ஆட்சேபணைகள் வரும்.

முதலாவது, போராட்டத் தோழர்களுடையது. 'எதிரி பெரியவன். முதலில் ஒன்றாக நின்று கம்பெனியை விரட்டுவோம். சாதியைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இப்போது பேசினால் பிளவு வரும்.' இந்தப் பிறகு என்ற வார்த்தையைச் சுதந்திரப் போராட்டத்திலும் சொன்னார்கள், மொழிப் போராட்டத்திலும் சொன்னார்கள், வர்க்கப் போராட்டத்திலும் சொன்னார்கள். பிளவு நாங்கள் பேசுவதால் வருவதில்லை. ஏற்கெனவே இருப்பதைத்தான் பேசுகிறோம். 'விதை பொதுச்சொத்து' என்கிறீர்கள். 1927இல் மகாடு நகரத்துச் சவுதார் குளமும் பொதுக்குளம்தான். நகராட்சி தீர்மானம் போட்டிருந்தது. மாடு குடிக்கலாம், நாய் குடிக்கலாம். அம்பேத்கர் ஆயிரக்கணக்கான பேரைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கை அள்ளிக் குடித்ததும் அடி விழுந்தது, குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். பொது என்று பெயர் வைத்தால் பொதுவாகிவிடாது என்பது எங்களுக்கு அனுபவம்.

இரண்டாவது ஆட்சேபணை எங்கள் ஆட்களிடமிருந்தே வருவது. எனக்கு அதுதான் கஷ்டமானது. என் கூடப் படித்த ஒருவன் கேட்டான்: "நமக்குக் கால் காணி நிலமில்ல. வெதை கவுண்டருதா இருந்தா என்ன, கம்பெனியோடதா இருந்தா என்ன? கம்பெனிக்காரனாவது சாதி கேக்காம காசுக்குக் குடுக்கறான். பாரம்பரியம், பாரம்பரியம்னு பேசறாங்களே, அந்தப் பாரம்பரியத்துலதான நாம செருப்பில்லாம நடந்தோம்?"

அவன் சொல்வதில் பாதி உண்மை. பழைய காலத்தைப் பொற்காலமாகப் பேசுகிறவர்களோடு எங்களால் சேர்ந்து பாட முடியாது. நாட்டுமாடும் நாட்டுவிதையும் இருந்த அதே நாட்டில்தான் பண்ணையாள் முறையும் இருந்தது.

ஆனால் மீதிப் பாதியை அவன் யோசிக்கவில்லை. நிலம் இல்லாதவளுக்கும் விதை இருந்தது. எங்கள் கூரைமேல் சுரையும் அவரையும் பூசணியும் படர்ந்திருக்கும். அம்மா விதையைச் சாம்பலில் புரட்டிச் சுரைக்குடுக்கைக்குள் போட்டு அடுப்புக்கு மேலே தொங்கவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரி கேட்டால் ஒரு கை எடுத்துக் கொடுப்பாள். வளவுக்குள் காசில்லாமல் கைமாறின ஒரே பொருள் அது. கூலி இல்லாத மாதத்தில் சாறு காய்ச்ச அதுதான் இருந்தது. விலை கொடுத்து வாங்கினால்தான் விதை, மறுபடி போட்டால் முளைத்தாலும் முன்போலக் காய்க்காது என்று ஆகிறபோது முதலில் காலியாவது அந்தக் குடுக்கைதான். பண்ணாடி கடன் வாங்கியாவது பாக்கெட் வாங்குவார். விதை விலை ஏறினால் அவர் எதில் குறைப்பார்? உரக்கடைக்காரனிடம் குறைக்க முடியாது, கரெண்டுக்காரனிடம் குறைக்க முடியாது. கூலியில்தான் குறைப்பார். ஆகவே கம்பெனியின் காப்புரிமைக்குக் கடைசியில் கட்டணம் கட்டுகிறவர்களில் நாமும் இருக்கிறோம். ரசீதில் மட்டும் நம் பெயர் வராது.

கம்பெனிக்காரன் சாதி கேட்பதில்லை என்பதும் முழு உண்மையில்லை. கிராஸிங் காட்டில் எங்களை யாரும் சாதி கேட்கவில்லைதான். கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல், எங்கள் வளவிலிருந்து மட்டும் பிள்ளைகளை வேன் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

6

அப்படியானால் விதை யாருடையது?

யோசித்து யோசித்து நான் வந்து சேர்ந்த இடம் இது. விதையை யாரும் 'என்னுது' என்று சொல்ல முடியாது. கம்பெனியும் சொல்ல முடியாது, நிலக்காரரும் சொல்ல முடியாது, நாங்களும் சொல்ல முடியாது. கைமாறிக் கைமாறி வந்த பொருளில் கடைசியாகத் தொட்டவன் சொந்தம் கொண்டாடுவது அநியாயம். கோயமுத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையம் 1912இல் தொடங்கியது. காட்டில் தானே வளர்ந்து கிடக்கும் நாணலோடு கரும்பை ஒட்டவைத்து 1918இல் கோ 205 என்ற ரகத்தைக் கொண்டுவந்தார்கள். பின்னால் வந்த கோ ரகங்கள் தென்னாப்பிரிக்கா, அமெரிக்கா வரைக்கும் போயின. காப்புரிமை இல்லாமலே ஆராய்ச்சி நடந்தது, பொதுப்பணத்தில் நடந்தது, உலகத்துக்கே பயன்பட்டது. 'காப்புரிமை இல்லாவிட்டால் எவன் ஆராய்ச்சி செய்வான்' என்பதற்கு நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. ஆனால் அந்தக் கரும்பை வெட்டினவன் வாழ்க்கை கோ 205ஆல் மாறவில்லை என்பதும் நம் ஊரிலேயே இருக்கிறது. காப்புரிமை இல்லாமல் இருப்பது அவசியம். அது மட்டும் நியாயம் ஆகிவிடாது.

சொந்தம் கிடையாது, ஆனால் கடன் உண்டு. விதையைக் கையில் எடுக்கிற ஒவ்வொருவரும் அதை அவ்வளவு தூரம் கொண்டுவந்தவர்களுக்குக் கடன்பட்டவர்கள். கடன்பட்டவர் கேட்க வேண்டிய கேள்வி 'இது என்னுதா' என்பதல்ல. 'நான் யாருக்குத் தர வேண்டும்' என்பது. கம்பெனி இந்தக் கேள்வியைக் கேட்காது என்று நமக்குத் தெரியும். அதனால்தான் அதை எதிர்க்கிறோம். 'நம் விதை' என்று துணி கட்டுகிறவர்கள் கேட்கிறார்களா?

கேட்கத் தயார் என்றால் செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. 2002ஆம் வருசத்து உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பதிவேடு ஒன்று எழுத வேண்டும். அந்தப் பதிவேட்டை எழுதுகிறவர்கள் வளவுக்குள் வந்து உட்கார்ந்து, விதை பொறுக்கின பெண்களின் வாயால் கேட்டு, அவர்கள் பெயரோடு எழுதட்டும். விவசாயி என்ற சட்ட விளக்கத்தில் அந்த 'மற்றொருவ'ருக்குப் பெயரும் பங்கும் வேண்டும் என்று விவசாயச் சங்கங்களே கோரிக்கை வைக்கட்டும். குறியீட்டால் வருகிற கூடுதல் விலையில் கூலிக்கு ஒரு பங்கு என்று மஞ்சள் சங்கத்தில் பேசட்டும். விதைக்காட்டில் பிள்ளைகளை இறக்குகிறவன் நம் சாதிக்காரனாக, நம் உறவுக்காரனாக இருந்தாலும் தடுக்கட்டும். எல்லாவற்றுக்கும் அடியில் நிலம் இருக்கிறது. 1892இல் வெள்ளைக்காரன் காலத்தில் எங்களுக்கென்று ஒதுக்கத் தொடங்கின பஞ்சமி நிலங்கள் யார் கையில் இருக்கின்றன என்பதை, விதையைப் பற்றிப் பேசுகிற மேடையிலேயே பேச வேண்டும். விதைக்க இடமில்லாதவளுக்கு விதை உரிமை என்பது பசித்தவனுக்குச் சமையல் குறிப்பு மாதிரி.

கூட்டம் முடிந்ததும் வந்தவர்களுக்கெல்லாம் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலத்தில் நாட்டு விதை கொடுத்தார்கள். அம்மாவுக்கும் ஒன்று கிடைத்தது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் பிரித்து உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். அவரை விதை. ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து நாலைந்தை எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டாள்.

"ஏம்மா?"

"சொத்தை. யாரோ பாக்காம போட்டுட்டாங்க. நம்மளக் கூப்புட்டிருந்தா பொறுக்கிக் குடுத்திருப்பமல்ல."

மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். அவள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதை அவள் மறக்கவில்லை; வளவு வந்து இறங்குகிறபோது மறுபடி கேட்டாள். நான் சொன்னேன்: "தெரியலம்மா. ஆனா அடுத்த கூட்டத்துல அத நீயே மேடை ஏறிக் கேளு."

கூட்டம் போடுகிற தோழர்களே, தேதியைச் சொல்லி அனுப்புங்கள். அம்மா வருவாள்.